இதழியலில் முனைவர் பட்டம்: சேர்க்கை முதல் ஆய்வேடு வரை

அரசுப் பல்கலைக்கழகங்களில் இதழியல், தொடர்பியல் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். எம்.ஃபில். பட்டம் அந்த விதிகளோடு முடிவுக்கு வந்தது.

சேர்க்கைக்கு இன்று பெரிதும் கைகொடுப்பது 'நெட்' எனும் தேசியத் தகுதித் தேர்வு. 2024 முதல் இதன் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் மதிப்பு. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். கிடைக்காதவர்கள் பகுதிநேர வேலையும் ஆய்வுமாகக் காலம் தள்ளுகிறார்கள். இதழியல் தாளின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. தமிழ் நாளிதழ்களை ஆராய வரும் மாணவருக்குத் தமிழில் தேர்வெழுத வழியில்லை என்பது பெரிய குறை.

அடுத்தது நெறியாளர். பேராசிரியர் ஒருவர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தால் ஆய்வு இடங்களும் அந்த அளவுக்குக் குறைகின்றன. "கைடு கிடைச்சாச்சா?" என்பதே மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. செய்தியாளராக வேலை பார்ப்பவர் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு பகுதிநேரமாகச் சேரலாம். எவரானாலும் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. அதன்பின் மறுபதிவில் 2 ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு உண்டு.

தொடக்கத்தில் ஆய்வு முறையியல் வகுப்புகளும் தேர்வும் இருக்கும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். காவிரிச் சிக்கலை இரண்டு நாளிதழ்கள் எப்படி எழுதின என்று ஒருவர் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க வந்த இதழ்களைப் படிக்க முடியாது. ஒரு வாரத்துத் திங்கள், வேறொரு வாரத்துச் செவ்வாய், இன்னொரு வாரத்துப் புதன் என்று பொறுக்கி 'செயற்கை வாரம்' ஒன்றைக் கட்டுவார்கள். ஞாயிறு இணைப்புகள் கணக்கைச் சாய்த்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தாள்: எந்தப் பக்கம், எத்தனை பத்தி, படம் உண்டா, யாருடைய பேச்சு வந்திருக்கிறது, விவசாயியின் குரல் எங்காவது இருக்கிறதா. அதே செய்திகளை இன்னொருவரும் தனியே படித்துக் குறிப்பார். இருவர் குறிப்பும் போதிய அளவு ஒத்துப்போகாவிட்டால் வகைப்பாட்டையே திருத்தி எழுத வேண்டும். கண் எரியும் வேலை. ஆய்வின் நம்பகம் அதில்தான் இருக்கிறது.

பழைய இதழ்களை ஆராய்பவர்களுக்குச் 1994-இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பெரும் துணை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், உள்ளூர் மொழிப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று ஆங்கிலேய அரசு ரகசியமாக மொழிபெயர்த்து வைத்த சுருக்க அறிக்கைகள் உள்ளன. மூல இதழே அழிந்துபோன இடத்தில் அந்த அறிக்கைதான் சாட்சி.

தமிழ் ஊடகம் பற்றிப் பலரும் மேற்கோள் காட்டும் நூல்கள் பல இதழியல் துறைகளுக்கு வெளியே பிறந்தவை. அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த சு. தியடோர் பாஸ்கரன் 1981-லும், பொருளியல் பயின்ற எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-லும் அத்தகைய நூல்களைத் தந்தார்கள். ஆவணங்களில் உட்காரும் பொறுமையைத் துறை மாணவர்களும் வளர்த்துக்கொண்டாக வேண்டும்.

ஆய்வு முடிந்ததும் துறையில் முன்வைப்பு, கருத்துத் திருட்டுச் சோதனை, வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்களின் மதிப்பீடு, கடைசியாகப் பொது வாய்மொழித் தேர்வு. ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கிவிட்டன. ஆனாலும் சில பல்கலைக்கழகங்கள் அதைத் தம் விதியாக வைத்திருப்பதால், சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏற்கப்பட்ட ஆய்வேடு 'சோத்கங்கா' மின்களஞ்சியத்தில் ஏற்றப்படுகிறது. யாரும் காசில்லாமல் படிக்கலாம். தலைப்பைப் பதிவு செய்யப்போகும் மாணவர்கள், தங்கள் பொருளையொட்டி அங்கே இருக்கும் ஆய்வேடுகளை முதலில் படித்துவிட வேண்டும்.