ஒரு டாலருக்குப் போன பிசினஸ்!

பெரிய கன்சல்டிங் கம்பெனி கேம்பஸுக்கு வருதுன்னாலே ஹாஸ்டலில் அயர்ன் பாக்ஸுக்கு க்யூ நிற்கும். சம்பளம் அப்படி! நீங்களும் அந்த க்யூவில் இருந்தால், ஆஸ்திரேலியாவில் நடந்த இந்தக் கதையைப் படிச்சிட்டு அப்ளை பண்ணுங்க.

பன்னாட்டு நிறுவனங்கள் வரி கட்டாமல் நழுவுவதைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவர நினைத்தது ஆஸ்திரேலிய அரசு. யோசனை கேட்டுக் கூப்பிட்டவர்களில் பிடபிள்யூசி நிறுவனத்தின் பார்ட்னர் பீட்டர் காலின்ஸும் ஒருவர். 'வெளியே மூச்சுவிட மாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டார். ஆனால், ஆபீசுக்குள் விஷயம் கசிந்தது. சட்டம் 2016 ஜனவரி 1-ல் அமலுக்கு வருவதற்குள், அதிலிருந்து தப்பிக்கும் வழியை அமெரிக்க கம்பெனிகளிடம் விற்கக் கிளம்பிவிட்டார்கள். பூட்டு செய்ய யோசனை சொன்ன வீட்டிலேயே கள்ளச்சாவி!

எப்படி மாட்டினாங்க?

வரி ஆலோசகர்களைக் கண்காணிக்கும் வாரியம் காலின்ஸுக்கு 2 வருடம் தடை போட்டது. 2023 ஜனவரியில் சேதி வெளியே வந்ததும், செனட்டர்கள் கேள்வி மேல் கேள்வி. துருவித் துருவிக் கேட்ட டெபோரா ஓ'நீல் ஆளுங்கட்சி. பார்பரா போகாக் பசுமைக் கட்சி. மே மாதம் 144 பக்க இ-மெயில்கள் அம்பலம்! சி.இ.ஓ. பதவி விலகினார். விஷயம் போலீஸுக்குப் போனது. அரசு வேலைகளைப் பார்த்த அந்த நிறுவனத்தின் மொத்தப் பிரிவும் கைமாறியது. விலை? ஒரே ஒரு டாலர்!

அரசு ஏன் இப்படி வெளியாட்களை நம்புது? 2021-22-ல் மட்டும் கன்சல்டன்ட், கான்ட்ராக்ட் ஆட்களுக்காக ஆஸ்திரேலிய அரசு செலவழித்தது 2,080 கோடி டாலர். கிட்டத்தட்ட 54,000 முழுநேர ஊழியர்களின் வேலை அது. வேலை தெரிந்தவர்கள் எல்லாம் வெளியே போய்விட்டால், வெளியாள் சொல்வது சரியா என்று பார்க்க உள்ளே யார் இருப்பாங்க? அதனால்தான் எம்.பி.க்களின் கேள்வி முக்கியம்.

அது சரி, நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கு பாஸ்! அந்த மெயில்கள் டஜன் கணக்கானவர்களுக்குப் போயின. 'பெரும்பாலானவர்களுக்கு அது ரகசியம்னே தெரியாது' என்றது கம்பெனி. நாளைக்கு உங்கள் இன்பாக்ஸிலும் அப்படி ஒரு மெயில் வரலாம். ஃபார்வர்டு பட்டனை அமுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'இந்தத் தகவல் நமக்கு எங்கிருந்து வந்துச்சு?'

பதில் சொல்ல பாஸ் தயங்கினால், உஷார்!