நூலும் நட்டும் போதும்... உலகப் போட்டிக்குத் தயாராகலாம்!

திருநின்றவூர் ரெயில் நிலையம். காலை நேரம். சென்ட்ரல் போகும் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. இடித்துப் பிடித்து ஏறுகிறார்கள். வண்டி புறப்படும்போது, யாரும் பிடிக்காத கைப்பிடி ஒன்று லேசாகப் பின்பக்கம் சாய்கிறது.

"அது எப்பவும் சாயறதுதானே!" என்பார் ஆபீசுக்குப் போகிறவர்.

எவ்வளவு சாய்ந்தது, ஏன் சாய்ந்தது என்று கணக்குப் போடும் பையனோ பெண்ணோ அந்தப் பெட்டியில் இருந்தால்... உலக இயற்பியல் போட்டிக்கு ஆள் ரெடி!

5 பேருக்குத்தான் இடம்

'ஒலிம்பியாட்' என்று இந்தப் போட்டிக்குப் பெயர். 1967-ல் போலந்து நாட்டின் வார்சா நகரில் ஐந்தே ஐந்து நாடுகளுடன் தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்காத, 20 வயதுக்கு உட்பட்ட மாணவ-மாணவிகளுக்கு மட்டுமே அனுமதி. ஒரு நாட்டுக்கு 5 பேர்தான்.

இந்தியா முதன்முதலாகப் போனது 1998-ல், ஐஸ்லாந்துக்கு. 2015-ல் மும்பையிலேயே போட்டி நடந்தது. 2018-ல் லிஸ்பன் நகருக்குப் போன 5 பேரும் தங்கத்தோடு திரும்பினார்கள். 2025-ல் பாரீசில் 3 தங்கம், 2 வெள்ளி!

கோட்டை விடும் இடம்

அந்த ஐந்தில் ஒருவராக மூன்று படி ஏற வேண்டும்.

முதல் படி, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்தும் தேர்வு. சரியான விடையை 'டிக்' செய்யும் கேள்விகள். தப்பாக அடித்தால் மார்க் குறையும். குருட்டு அதிர்ஷ்டம் பலிக்காது. அடுத்த படி, புத்தாண்டு பிறந்தபின் வரும் எழுத்துத் தேர்வு. இதில் விடை மட்டும் போதாது, வந்த வழியையும் எழுதிக் காட்ட வேண்டும். மூன்றாவது, மும்பை மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் கோடை முகாம். அங்கேதான் 5 பேர் தேர்வாகிறார்கள்.

பல பிள்ளைகள் கோட்டை விடுவது கேள்வித்தாளில் அல்ல, பெயர் கொடுப்பதில்தான்! வழக்கமாக ஆகஸ்டு, செப்டம்பரிலேயே பதிவு முடிந்துவிடும். காலாண்டுத் தேர்வு கவலையில் இது காதில் விழுவதே இல்லை. "எங்க ஸ்கூல்ல சென்டர் இல்லையே" என்று விட்டுவிடவும் வேண்டாம். வேறு மையத்தில் எழுதலாம்.

பூசலார் ஊர்

கல்லும் காசும் இல்லாமல், மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோவில் கட்டினாரே பூசலார் நாயனார், அவருடைய ஊர் இது. காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோவிலின் குடமுழுக்கையே அந்த மனக்கோவிலுக்காகத் தள்ளிவைக்கச் சொன்னார் இறைவன் என்கிறது பெரியபுராணம்.

மனசுக்குள் கட்டும் வேலை இயற்பியலுக்கும் வேண்டும். உலகப் போட்டியில் மொத்தம் 50 மார்க். அதில் 30, உட்கார்ந்து யோசித்து எழுதுவதற்கு. ஆனால் மீதி 20 மார்க் செய்முறைக்கு! ஒவ்வொன்றும் 5 மணி நேரம். அங்கே ரெக்கார்டு நோட்டைப் பார்த்துச் செய்த பழைய சோதனை வராது. முன்பின் பார்க்காத சாமானைக் கையில் கொடுத்து, "அளந்து சொல்" என்பார்கள்.

லேப் இல்லையே, என்ன செய்வது?

ஒரு மீட்டர் நூல், ஒரு நட்டு. தொங்கவிட்டு ஆட்டுங்கள். ஒருமுறை போய்வர சுமார் 2 வினாடி. கடிகாரத்தை அமுக்கும் கை 0.2 வினாடி முன்பின் ஆகிவிடும் என்று வையுங்கள். அளவில் 10 சதவீதம் தப்பு! அதே நூலை 20 தடவை ஆடவிட்டு மொத்த நேரத்தை அளந்தால் 40 வினாடி. தப்பு அதே 0.2 தான். அதாவது அரை சதவீதம்! நூலின் நீளத்தையும் இந்த நேரத்தையும் வைத்துப் பூமியின் ஈர்ப்பைக் கணக்கிட்டால் விடை சுமார் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். செலவு? நாலணா பெறாத நூல்!

இனி அந்த ரெயிலுக்கு வருவோம். அரை மீட்டர் நூலில் நட்டைத் தொங்கவிட்டால், வண்டி வேகம் எடுக்கும்போது இரண்டரை சென்டிமீட்டர் பின்னுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளத்தில் இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் வண்டியின் முடுக்கமும் பூமி ஈர்ப்பில் இருபதில் ஒரு பங்கு. வினாடிக்கு வினாடி அரை மீட்டர் வேகம் கூடுகிறது. அதே கணக்கில் 20 வினாடியில் மணிக்கு 36 கிலோ மீட்டர்! (உட்கார்ந்த இடத்தில் செய்யுங்கள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அல்ல!)

இத்துடன் விட்டால் பாதி மார்க்தான். ஆடும் நூலை அளக்கும்போது அரை சென்டிமீட்டர் தவறினால் விடையில் ஐந்தில் ஒரு பங்கு தப்பாகிவிடும். அதையும் சேர்த்து எழுதுகிறவன்தான் கெட்டிக்காரன். மளிகைக் கடைக்காரர் பருப்பைப் போடுமுன் தராசு சைபர் காட்டுகிறதா என்று பார்க்கிறாரே, அதே புத்திதான் இது. தன் விடை எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்று தெரிந்திருப்பதும் விடையில் ஒரு பகுதியே.

காசு கேட்காத டியூஷன்

பெரிய கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லையா? ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் பழைய கேள்வித்தாள்களும் விடைகளும் இலவசம். முதலில் பள்ளிப் பாடம், பிறகு எச்.சி.வர்மாவின் இரண்டு புத்தகங்கள், பிறகு பழைய கேள்விகள். விடையைப் பார்க்காமல் ஒரு கணக்கோடு ஒரு ராத்திரி மல்லுக்கட்டுவது, விடை பார்த்துப் படித்த பத்துக் கணக்குக்குச் சமம்.

பிளஸ்-1 சேர்ந்ததும் தொடங்கினால், நவம்பர் தேர்வை இரண்டு தடவை எழுதிப் பார்க்கலாம்.

மும்பை முகாம் கிட்டாமல் போனாலும் நஷ்டம் இல்லை. அளக்கப் பழகிய கையும் யோசிக்கப் பழகிய மூளையும் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூடவே வரும்.

வீட்டில் பிளஸ்-1 பிள்ளை இருக்கிறதா? இன்று ராத்திரி ஒரு முழ நூலைக் கையில் கொடுத்துப் பாருங்கள்!