ஒரு சுண்டு மா எத்தனை கிராம்?

நிவாரணமாகக் கிடைக்கும் கோதுமை மா கிலோக் கணக்கில் வருகிறது. சங்கக்கடையிலும் கிலோதான். ஆனால் எங்கள் குசினிகளில் சுண்டும் பேணியும்தான் அளவு. வீட்டுக்கு றொட்டி சுடும்வரை இதனால் தொல்லை இல்லை. கை பழகிய கை. பாண், பணிஸ் போட்டு விற்கலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது காசு போகும் இடமாகிறது.

அரிசியைப் போல மா ஒரே மாதிரி நிற்காது. மூட்டைக்குள் அமுக்கிக் கோலி எடுத்த சுண்டும், அரித்த மாவைக் கரண்டியால் போட்டு நிரப்பிய சுண்டும் பார்வைக்கு ஒன்றுதான், நிறை வேறு. சமையல் புத்தகங்களில் வரும் 250 மில்லிலீற்றர் கோப்பையில் மெதுவாகப் போட்ட மா ஏறக்குறைய 125 கிராம். அதையே கோலி எடுத்தால் 150 வரை போகும். அவித்த மாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது ஈரம் பிடித்தது.

ஆகவே உங்கள் சுண்டின் கணக்கை நீங்களே எடுங்கள். முத்திரை உடைக்காத ஒரு கிலோ மா பைக்கற் வாங்குங்கள். மாவை அரித்து, கரண்டியால் சுண்டுக்குள் போட்டு, தட்டாமல், கத்தி முதுகால் மேலே வழித்துவிட்டு எண்ணுங்கள். ஆறரைச் சுண்டு வந்தால் 1000ஐ 6.5ஆல் பிரியுங்கள்: ஒரு சுண்டு 154 கிராம். அந்த எண்ணைப் பேணியிலேயே எழுதி வையுங்கள். பிறகு எப்போதும் அதே பேணி, அதே முறை. அடுத்த வீட்டுப் பேணிக்கு அடுத்த வீட்டுக் கணக்கு.

பைக்கற் இல்லை, மூட்டை மாதான் இருக்கிறது என்றால் தண்ணீர் உதவும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. நேரான தடி ஒன்றை நடுவில் கயிறு கட்டித் தூக்கி, இரு முனையிலும் ஒரே மாதிரிப் பைகளைத் தொங்கவிட்டுச் சமப்படுத்துங்கள். ஒரு பையில் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல், கடையில் வாங்கியபடி திறக்காமல். மற்றதில் அதே வகை வெறும் போத்தலும் மாவும். தடி நேராக நின்றால் மா அரைக் கிலோ. இது வீட்டுக் கணக்குக்கு மட்டும். நிறுத்து விற்க முத்திரையிட்ட தராசுதான் வேண்டும்.

அளவுக்குப் பேணி தேடி, துப்புரவாக்காத காணிக்குள் கிடக்கும் தகரம், குழாய் எதையும் தொடவேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். ஒரு ரின்பால் பேணி போதும்.

இனிப் பாண் கணக்கு. ஒரு கிலோ மாவுக்கு ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் தண்ணீர், 20 கிராம் உப்பு, 10 கிராம் உலர் ஈஸ்ற், 20 கிராம் சீனி, 20 கிராம் மாஜரீன். குழைத்த மா 1670 கிராம் வரும். ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும். போறணையில் ஈரம் வற்றி நிறை குறையும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 510 கிராம் வெட்டுங்கள். மூன்று றாத்தல் பாண் போக 140 கிராம் மிஞ்சும். இரண்டு சின்னப் பணிசுக்குக் காணும். முதல் நாள் வெந்த பாணை நிறுத்துப் பாருங்கள். 450க்குக் குறைந்தால் அடுத்த நாள் வெட்டும் அளவைக் கூட்டுங்கள், ஏனென்றால் போறணைக்குப் போறணை வற்றுவது மாறும்.

ஒரு சுண்டுக்கு 30 கிராம் கூடிப்போனால் ஆறரைச் சுண்டுக்கு 195 கிராம். தண்ணீர் பழைய அளவிலேயே இருந்தால் பாண் கல்லுப்போல இறுகும். மாவும் வீண். பலர் ஈஸ்ற்றைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான்.

மழை நாட்களில் மா ஈரத்தை இழுக்கும். அப்போது தண்ணீரை முழுவதும் ஒரேயடியாக ஊற்றாமல், ஒரு கைப்பிடி அளவை வைத்துக்கொண்டு, குழைத்துப் பார்த்துச் சேருங்கள்.