டாப் விதன்ஸ் நடைபாதை

டாப் விதன்ஸ் நடைபாதை இங்கிலாந்தின் மேற்கு யார்க்சயர் பகுதியில் உள்ள ஹாவர்த் ஊரிலிருந்து, மூர் எனப்படும் மரங்களற்ற மேட்டுநிலத்தின் வழியே, டாப் விதன்ஸ் என்னும் பாழடைந்த பண்ணைவீட்டுக்குச் செல்லும் பாதையாகும். ஒரு வழித் தொலைவு ஏறத்தாழ 6 கி.மீ. ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) புதினத்தை எழுதிய எமிலி பிரான்ட்டியுடன் (1818–1848) இந்நிலம் இணைத்துப் பேசப்படுகிறது.

நிலமும் பாதையும்

இம்மேட்டுநிலத்தின் அடியில் மணற்பாறை உள்ளது. அதன்மேல், முழுமையாக மட்காத தாவர எச்சங்களால் ஆன கரிய பீட் மண் படிந்துள்ளது. மழைநீரைப் பெருமளவு தேக்கிவைக்கும் இம்மண்ணில் ஹெதர் என்னும் குறுஞ்செடியும் முரட்டுப் புற்களும் வளர்கின்றன. ஆகஸ்ட் மாதத்தில் ஹெதர் ஊதா நிறத்தில் பூக்கும்.

பாதை முதலில் ஒரு சிற்றோடையை அடைகிறது. அங்கு பிரான்ட்டி அருவியும் சிறிய கற்பாலமும் உள்ளன. பழைய பாலம் 1989இல் வெள்ளத்தில் அழிந்ததால் மீண்டும் கட்டப்பட்டது. அங்கிருந்து ஏறினால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 420 மீட்டர் உயரத்தில் டாப் விதன்ஸ் உள்ளது. பென்னைன் வழி என்னும் நெடுந்தொலைவு நடைபாதையும் இதன் அருகே செல்கிறது.

பிரான்ட்டி குடும்பம்

பாட்ரிக் பிரான்ட்டி 1820இல் குடும்பத்துடன் ஹாவர்த் தேவாலயத்துக்கு மதகுருவாக வந்தார். அவர்கள் வாழ்ந்த இல்லம் 1928 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. அவருடைய பிள்ளைகள் இம்மேட்டில் நடந்து வளர்ந்தனர். 1824 செப்டம்பரில், பெருமழையின்போது குரோ ஹில் பகுதியில் நீரில் ஊறிய பீட் மண் உடைந்து சேற்று வெள்ளமாகப் பாய்ந்தது. அப்போது ஆறு வயதான எமிலி, உடன்பிறந்தோர் சிலருடன் மேட்டில்தான் இருந்தார். அவர்கள் உயிர் தப்பினர். எமிலியின் அக்கா சார்லட், 1854 நவம்பரில் கணவருடன் அருவியைக் காணச் சென்று மழையில் நனைந்து சளியால் பாதிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார்.

புதின வீடு இதுதானா?

புதினத்தில் வரும் வீடு டாப் விதன்ஸ்தான் என்ற கருத்து, எமிலி இறந்த பின்னரே பரவியது. பிரான்ட்டி சங்கம் 1964இல் பதித்த பலகையே இதைத் தெளிவுபடுத்துகிறது. வீடு முழுமையாக இருந்த காலத்திலும் புதினத்தில் வருணிக்கப்பட்ட வீட்டை ஒத்திருக்கவில்லை என்றும், எமிலி அதன் அமைவிடத்தை மனத்தில் கொண்டிருக்கலாம் என்றும் அப்பலகை கூறுகிறது. புதின வீட்டின் முகப்புச் சிற்பங்களை, ஹாலிஃபாக்ஸ் அருகே இருந்து பின்னர் இடிக்கப்பட்ட ஹை சண்டர்லாந்து மாளிகையுடன் ஆய்வாளர்கள் ஒப்பிடுகின்றனர். எமிலி அப்பகுதியில் சில மாதங்கள் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். ஆகவே டாப் விதன்ஸ் புதினத்தின் கட்டடத்தை அல்ல, அதன் காற்றையும் தனிமையையும் காட்டும் இடம் எனலாம்.

பாதுகாப்பு

ஈரமான பீட் மண் காலடி பட்டு எளிதில் அரிக்கப்படும், உலர்ந்தால் தீப்பற்றும். எனவே நடப்போர் பாதையை விட்டு விலகாமலும் தீ மூட்டாமலும் இருக்க வேண்டும். மூடுபனி விரைவில் சூழக்கூடும் என்பதால் வரைபடமும் மழையுடையும் தேவை.