சப்ரகமுவவுக்கு ஏன் ஓர் அணி இல்லை?

2012 ஓகஸ்டில் ஸ்ரீலங்கா பிரிமியர் லீக் நடந்தபோது அணிகளுக்கு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். உத்துர, நெகெனஹிர, ருஹுணு, ஊவா, வயம்ப, கந்துரட்ட, பஸ்னாஹிர என்று ஏழு அணிகள். இலங்கையில் மாகாணங்கள் ஒன்பது. விடுபட்ட இரண்டில் ஒன்று வடமத்தி. மற்றது நம்முடைய சப்ரகமுவ. எட்டு ஆண்டுகள் கழித்து லங்கா பிரிமியர் லீக் வந்தது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து ஊர்கள். அதிலும் சப்ரகமுவவின் இரத்தினபுரி இல்லை, கேகாலையும் இல்லை.

பெயர் கிடைத்தவர்களுக்கும் அதிகமாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. 2012 கிண்ணத்தை ஊவா அணிதான் வென்றது. ஆனால் ஊவாவின் பதுளைக்காரர் தங்கள் அணியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். ஆட்டங்கள் எல்லாம் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. அந்த லீக்கும் அந்த ஒரு பருவத்தோடு முடிந்துபோனது. 2020இல் லங்கா பிரிமியர் லீக் வந்தபோதும், கொவிட் காரணமாக எல்லா ஆட்டங்களும் ஹம்பாந்தோட்டையில். சட்டையில் ஊர்ப்பெயர் இருந்தால் போதாது, ஊருக்குள்ளிருந்து ஒரு படி மேலே போக வேண்டும். அந்தப் படியை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்க, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டுக்குப் போகலாம்.

அமெரிக்காவின் வட கரோலைனாவில் டர்ஹம் என்றொரு நகரம். மக்கள்தொகை ஏறக்குறைய மூன்று இலட்சம். இரத்தினபுரியை மாணிக்கமும் தேயிலையும் வளர்த்ததுபோல டர்ஹமை வளர்த்தது புகையிலை. 1902இல் அங்கே ஒரு பேஸ்போல் அணி தொடங்கியது. அதன் முதற் பெயரே புகையிலைக்காரர் என்பதுதான். பிறகு, அவ்வூரில் புகழ்பெற்றிருந்த காளைமாட்டுப் புகையிலை முத்திரையை ஒட்டி 'டர்ஹம் புல்ஸ்' ஆனது. எழுபதுகளில் பல ஆண்டுகள் ஊரில் ஆட்டமே இல்லை. 1980இல் அணி திரும்பி வந்தது. 1987இல் பெரிய புகையிலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. 1995இல் அதன் பக்கத்திலேயே அணிக்குப் புது மைதானம் கட்டினார்கள். தொழில் போன ஊருக்கு மாலை நேரத்தில் கூடுவதற்கு ஓர் இடம் மிஞ்சியது.

இதன் சூட்சுமம் கணக்கில் இருக்கிறது. டர்ஹம் முதல்தர அணி அல்ல. அதன் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது தம்பா பே என்ற பெரிய அணி. மைதானத்தை நடத்துவதும் நுழைவுச்சீட்டு விற்பதும் டர்ஹமின் வேலை. தேறியவனைப் பெரிய அணி கூப்பிட்டுக்கொள்ளும், தேறாதவன் மறுபடி கீழே வருவான். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சென்ட் லூயிஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி உருவாக்கிய ஏற்பாடு இது. நம் தோட்டத்து மொழியில் சொல்வதானால், நாற்றுமேடை. பெரிய அணிகள் முப்பது. ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டுகளில் நான்கு அணிகள், ஆக மொத்தம் 120. அவற்றில் பல நாம் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களில் இருக்கின்றன.

தோட்ட வேலைக்காக நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டு ஊர்களில் இப்படி ஒன்று இருக்கிறதா? 2016இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியபோது சென்னைச் சேப்பாக்கத்தோடு சேர்த்து திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும் திருநெல்வேலிப் பக்கம் சங்கர் நகரிலும் ஆட்டங்கள் நடந்தன. நத்தத்தில் இருப்பது ஒரு கல்லூரி மைதானம், சங்கர் நகரில் இருப்பது சிமெந்து ஆலைக்காரரின் மைதானம். பிறகு சேலமும் கோயம்புத்தூரும் சேர்ந்தன. அணிப் பெயர்களை நம்பிவிடக் கூடாது. திண்டுக்கல் அணியில் திண்டுக்கல்காரர் எத்தனை பேர் என்று தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் சென்னை லீக்கைத் தாண்டி எவர் கண்ணிலும் படாதவர்கள் தொலைக்காட்சியில் தெரிந்தார்கள்.

அப்படித் தெரிந்தவர்தான் தங்கராசு நடராஜன். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. தந்தை தறி நெய்தவர், தாய் சாலையோரத்தில் கோழி இறைச்சி விற்றவர். இருபது வயதுவரை அவர் போட்டதெல்லாம் டென்னிஸ் பந்து. திண்டுக்கல் அணிக்காக ஒரு சுப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யோர்க்கராக இறக்கினார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அவருக்கு மூன்று கோடி இந்திய ரூபா கொடுத்தது. 2020 டிசம்பர் 2இல் கன்பராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து முதல் ரி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். அவுஸ்திரேலியாவுக்குப் போனதென்னவோ வலைப்பயிற்சியில் பந்து போடத்தான்.

அதே லீக்கில் ஆடிய துடுப்பாட்டக்காரர் சாய் சுதர்சனின் கணக்கு இன்னும் வேடிக்கை. 2023இல் கோவை அணி அவரை 21.6 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தது. அதே ஆண்டு ஐபிஎல்லில் குஜராத் கொடுத்தது 20 இலட்சம். நாற்றுமேடையில் கிடைத்த கூலி தோட்டத்தில் கிடைத்ததைவிட அதிகம்! அந்த ஐபிஎல் இறுதிப் போட்டியில் அவர் எடுத்தது 96 ஓட்டங்கள்.

இனி நம் பக்கம். இலங்கையில் கிரிக்கெட்டின் நாற்றுமேடை பாடசாலை. 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனின் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்ய 1920இல் இந்தியாவிலிருந்து வந்தவர். ஆனால் பேரனுக்கு வழி திறந்தது தோட்டம் அல்ல, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்தும் மத்திய கல்லூரியில் கடினப்பந்து ஆடியவர். 2020இல் ஊர்ப்பெயரில் ஓர் அணி வந்ததும் அதற்குள் நுழைய அவர் தயாராக இருந்தார். 2024இல் ஐபிஎல்லிலும் ஆடிவிட்டார். பாடசாலை முதற்படி, ஊர் அணி இரண்டாம் படி.

சப்ரகமுவவில், இறக்குவானையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் நமக்கு முதற்படியே இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். பல பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. கடினப்பந்து என்றால் ஒரு பந்தோடு முடிவதில்லை. கால்காப்பு, கையுறை, தலைக்கவசம், பாய் விரித்த ஆடுகளம், ஒரு பயிற்சியாளர் எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் சமதரை வேண்டும். சரிவில் இறப்பரும் தேயிலையும் நட்ட மண்ணில் சமமாகக் கிடப்பது பிரட்டுக்களமும் தோட்டத்து மைதானம் ஒன்றும்தான். அதையும் இரத்தினபுரி மழை பாதி ஆண்டு குளமாக்கிவிடும்.

ஆகவே நம்மிடம் இருப்பது மென்பந்து. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, நடராஜனின் யோர்க்கரும் அதில் பிறந்ததுதான். லயத்து முற்றத்தில் ஆடுகிறவன் பந்தைத் தூக்கி அடித்தால் தேயிலைச் சரிவுக்குள் போய்விடும், அது அவுட். அதனால் தரையோடு அடிக்கப் பழகிவிடுகிறான். தேர்வாளர் ஒருவர் வந்து பார்த்தால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். சின்னப்பம்பட்டிக்கும் நமக்கும் திறமையில் தூரமில்லை. அங்கே டென்னிஸ் பந்து ஆடியவனைச் சென்னை லீக்கில் சேர்த்துவிட, ஜெயப்பிரகாஷ் என்றொரு அண்ணன் இருந்தார். அந்த லீக்குக்கு மேலே இன்னொரு லீக் இருந்தது. 2023 ஜூனில் நடராஜன் தன் ஊரிலேயே ஒரு மைதானம் திறந்தார்.

இங்கே பெரிய ஆட்டம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் சுற்றுப்போட்டி, ஒலிபெருக்கியில் வர்ணனை, கிண்ணம் கொடுக்க ஓர் அரசியல்வாதி. நன்றாக ஆடுகிற பையன்களில் பாதிப்பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். ஆகவே போட்டிக்கு இரண்டு கிழமை முன்பே அணித் தலைவருக்கு வேலை தொடங்கிவிடுகிறது. பயிற்சிக்கு அல்ல, ஒவ்வொரு முதலாளிக்கும் தொலைபேசி எடுத்து, "பையனுக்கு மூன்று நாள் லீவு கொடுங்க முதலாளி" என்று கேட்பதற்கு.