ஏரி வரத்தும் புதிய மனைப்பிரிவுகளும்

செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிகள் தனித்தனியே நின்று பயன் தருவனவல்ல என்பதை அந்த ஜில்லாவின் மிராசுதார்கள் நன்கறிவார்கள். மேட்டு ஏரி நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியாக இறங்கி அடுத்த கிராமத்து ஏரிக்கு வரத்தாகச் சேரும். பல்லாவரத்துப் பெரிய ஏரியின் மிகுநீர் கீழ்க்கட்டளை ஏரியையும், அதன் மிகுநீர் நாராயணபுரம் ஏரியையும் அடைந்து, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பரவும். அந்த ஜலம் ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்ஹாம் கால்வாயிற் புகுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேருகிறது. ஒரு கண்ணியில் அடைப்பு நேர்ந்தால் அதன் மேலுள்ள கிராமம் மூழ்கும். கீழுள்ள கிராமம் வறளும்.

இவ்வேரிகளின் ஆயக்கட்டு பெரும்பாலும் வீடுகளாகிவிட்டது. பாய்ச்ச நிலமில்லாதபோது ஏரி எதற்கு என்ற எண்ணம் ஜனங்களிடையே பரவியதற்கு இதுவே காரணம். பல்லாவரத்துப் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கம் செல்லும் பெருஞ்சாலை போடப்பட்டு ஏரி இரண்டாகப் பிளவுண்டது. அதன் உள்வாயில் பல ஆண்டுகள் குப்பையும் கொட்டப்பட்டது. ஆயக்கட்டு போனாலும் ஏரியின் வேலை போய்விடவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

1 சென்டிமீட்டர் மழை 1 ஏக்கர் பரப்பில் பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் ஜலம் சேரும். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதாவது, ஏக்கர் ஒன்றுக்கு 20 லட்சம் லிட்டர். அரையடி வரப்புள்ள நஞ்சை நிலம் அதில் 6 லட்சம் லிட்டரைத் தன்னிடத்தே தேக்கி, சிறுகச் சிறுக உண்டு, எஞ்சியதை மெதுவாக விடும். அதே ஏக்கர் சிமெண்டுத் தளமானால் பெய்த ஜலம் பெய்த வேகத்திலேயே பள்ளம் நோக்கி ஓடும். ஆகவே வயல்கள் வீடுகளான ஊருக்கு ஏரியும் போக்குக்காலும் முன்னிலும் அதிகமாக வேண்டுமேயன்றிக் குறைவாகப் போதா.

இனி அவற்றில் வாழும் உயிர்களைப் பற்றி. ஏரியில் கோரையும் அல்லியும் உள்ளவரை விராலும் கெளுத்தியும் அங்கே பெருகும். தவளைகள் பயிர்ப் பூச்சிகளையும் சிறு மீன்கள் கொசுப் புழுக்களையும் தின்னும். கொக்கும் நாரையும் இவற்றைத் தேடி வரும். இவை யாவும் காட்சிக்குரிய பொருள்கள் என்று நினைப்பது நகரத்தாரின் வழக்கம். மதுராந்தகத்துக்கு அருகேயுள்ள வேடந்தாங்கல் குடியானவர்கள் அவ்வாறு நினைக்கவில்லை. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் நெற்பயிருக்கு உரமாவதைக் கண்டு அவர்கள் வேட்டையைத் தடுத்தார்கள். செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் அந்த உரிமையை ஒப்புக்கொண்டு கௌல் அளித்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சர்க்காரில் வனவிலங்குச் சட்டம் பிறப்பதற்கு வெகு காலம் முன்னரே ஒரு கிராமம் தன் சாகுபடிக்காகப் பறவைகளைக் காத்த செய்தி இது.

பள்ளிக்கரணையில் காரியம் வேறு விதமாக நடந்தது. ஊரார் கழுவெளி என்றழைத்த அந்தச் சதுப்பு நிலம், தரிசு என்று எண்ணப்பட்டமையால், குப்பை மேட்டுக்கும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்குமாகத் துண்டு துண்டாகப் போயிற்று. பூநாரையும் கூழைக்கடாவும் நீண்ட வாலுடைய இலைக்கோழியும் தங்கும் எஞ்சிய பகுதியில் 317 ஹெக்டர் 2007இல் காப்புக்காடாக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டர், அதாவது 3,000 ஏக்கருக்கு மேல், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் எந்தெந்தப் புல எண் அதில் அடங்கும் என்று நிலத்தில் அளந்து காட்டும் வேலை உடனே முடியவில்லை. அந்நிலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, விஞ்ஞான முறையிலான வரையறை முடியும் வரையில் ஈரநிலத்திலும் அதைச் சூழ்ந்த 1 கிலோமீட்டர் தூரத்திலும் கட்டட அனுமதி அளிக்கலாகாதென்று 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. நல்ல பட்டாவும் பத்திரமும் உடையவர்களும் அதனால் காத்திருக்க நேர்ந்தது. அளந்து கல் நடுவதில் ஏற்பட்ட தாமதத்தின் நஷ்டம் பறவைக்கு மட்டுமல்லாமல் நிலச் சொந்தக்காரருக்கும் சேர்ந்தது.

புதிய மனைப்பிரிவுகளுக்குரிய விதிகளில் இரண்டொன்றை இங்கே கூறுதல் தகும். தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வெளியாயின. அவற்றின்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட இடத்தைப் பிரிக்கும்போது சாலைகள் நீங்கலாக 100க்கு 10 பங்கு திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளூர் ஸ்தாபனத்துக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையில் இடத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் இடமுண்டு. விதி நல்லதே. ஆயினும் அது கணக்கிடுவது பரப்பை மாத்திரமே. புல்தரையும் குரோட்டன் செடியும் சிமெண்டு நடைபாதையும் உள்ள பூங்காவும் 10 பங்குதான். கோரை முளைத்த குட்டையும் 10 பங்குதான். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் கணக்கு வேறு. அங்கே கட்டடம் எழுப்புவோர், அந்த நிலத்தில் முன்பிருந்த வாழிடங்களை இன்ன வகை, இன்ன நிலை என்று மதிப்பிட்டு, வேலை முடிந்தபின் அம்மதிப்பு 100க்கு 10 வீதமாவது கூடியிருக்கச் செய்து, 30 ஆண்டுகள் அதைப் பராமரிக்கவும் கடமைப்பட்டவர்கள். அதிலும் ஏமாற்ற வழியில்லை என்று சொல்வதற்கில்லை. எனினும் எதை எண்ண வேண்டும் என்பதில் அந்தச் சட்டம் தெளிவாயிருக்கிறது.

தாம்பரத்துக்குத் தெற்கே இன்னும் உழவு நடக்கும் கிராமங்களில் நிலத்தை விற்கவோ மனையாக்கவோ எண்ணும் மிராசுதார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வாய்க்கால். 'அ' பதிவேட்டில் ஏரி, ஓடை, வாய்க்கால் எனத் தனிப் புல எண் பெற்ற புறம்போக்கை எவரும் மனையாக்க இயலாது. சென்னை உயர் நீதிமன்றமும் 2005இல் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி சர்க்காருக்குக் கட்டளையிட்டிருக்கிறது. தொல்லை தருவது பட்டா நிலத்தின் வரப்போரமாக, மடைக்கு மடை சென்ற சிறுகால்தான். அது பல இடங்களில் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அண்டை வயலார் ஒப்புதலினால் தலைமுறைகளாக ஓடியது. நிலம் கைமாறிப் புல்டோசர் ஓடியவுடன் ஒரே நாளில் மறைந்துபோகும். வரைபடம் தயாரிப்பவருக்கு அங்கே வாய்க்கால் இருந்ததென்பதே தெரியாது. இரண்டு ஐப்பசி கழிந்தபின் வீடு வாங்கியவருக்குத் தெரியும்.

ஆதலின், மனைப்பிரிவு வரைபடம் போடுமுன் உடையவர் தாமே நிலத்தில் நடந்து, மழைநீர் எங்கே புகுந்து எங்கே வெளியேறுகிறதென்று காட்டி, அந்தக் கால்களை உத்தேச சாலையின் ஓரமாகத் திறந்த வடிகாலாக நிறுத்தச் செய்ய வேண்டும். விதிப்படி விடவேண்டிய 10 பங்கை மேட்டில் விடாமல் தாழ்ந்த மூலையில் விட்டு, குட்டையாக வைத்து, கரையில் புங்கமும் நீர்மருதும் நடலாம். அதனால் விற்கும் மனைகளின் எண்ணிக்கை குறையாது. அங்கீகாரமின்றி விற்றுவிடலாமென்ற யோசனை ஆபத்தானது. அவ்வித மனைகளின் பத்திரப் பதிவை 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்தபோது, விற்றவரும் வாங்கியவரும் ஒருங்கே பட்ட சிரமம் பலருக்கும் நினைவிருக்கும்.

கிராம உத்தியோகஸ்தர்களிடம் புலப்படமும் 'அ' பதிவேடும் இருக்கின்றன; ஊர்ப் பெரியவர்களிடம் கணக்கில் ஏறாத கால்களின் நினைவு இருக்கிறது. மாசி, பங்குனியில் ஏரி வற்றியிருக்கும்போது இரு சாராரும் சேர்ந்து கலிங்கிலிருந்து அடுத்த ஏரி வரை போக்குக்காலை நடந்து பார்த்து, அகலம் குறைந்த இடங்களையும் கல் காணாத எல்லைகளையும் புல எண்ணோடு எழுதித் தாசில்தாருக்கு அனுப்பினால், அளவையர் வந்து கல் நடுவதற்கு ஆனி, ஆடி வரை அவகாசம் இருக்கும்.