சிசேரியனுக்குத் தேதி குறிச்சாச்சா? அதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்து வையுங்க

"வர்ற திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்க, மறுநாள் காலையில ஆபரேஷன்" என்று டாக்டர் சொன்னதும் நம்ம வீடுகளில் முதலில் கைக்கு வருவது காலண்டர்தான். அன்னைக்கு என்ன நட்சத்திரம், ராகு காலம் எப்போ, ரெண்டு நாள் முன்னாடி வச்சுக்க முடியுமா என்று வீடே பரபரப்பாகும். ஆபரேஷனுக்குப் போகப் போகிற பெண்ணுக்கு ரத்த அளவு எவ்வளவு, பிக்மி எண் எங்கே எழுதி வச்சிருக்கு என்ற கேள்விகள் கடைசி நாள் வரை யாருக்கும் ஞாபகம் வராது.

தமிழ்நாட்டில் சிசேரியன் ஏதோ ஒரு வீட்டில் நடக்கிற விஷயம் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அரசு மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 36. இந்த அளவு தேவையா என்பது தனியாகப் பேச வேண்டியது. இந்தக் கட்டுரை, முதல் பிரசவம் சிசேரியனாக இருந்ததாலோ, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதாலோ, குழந்தை குறுக்கே கிடப்பதாலோ, வேறு காரணத்தாலோ டாக்டர் முன்கூட்டியே தேதி கொடுத்துவிட்டவர்களுக்காக. திடீர் வலியில் ஓடுகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது: கையில் சில நாள் அவகாசம்.

முதலில் அந்தத் தேதியையே பார்ப்போம். வேறு சிக்கல் இல்லாதபோது, திட்டமிட்ட சிசேரியனை 39 வாரம் முடிந்த பிறகு வைப்பதுதான் நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. காரணம் குழந்தையின் நுரையீரல். வலி வந்து பிறக்கிற குழந்தைக்கு, அந்த வலியின் போதே நுரையீரலில் இருக்கும் நீர் வடிய ஆரம்பித்துவிடும். வலி இல்லாமல் எடுக்கிற குழந்தைக்கு அந்த வேலை பாக்கி இருக்கும். அதோடு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவும் எடுத்தால், மூச்சு வாங்கி, இன்டென்சிவ் வார்டில் வைக்க வேண்டிய வாய்ப்பு கூடுகிறது. நல்ல நட்சத்திரத்தில் பிறந்த குழந்தையை நாலு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற பாட்டிமார்கள் இருக்கிறார்கள்.

நாள் பார்ப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 39 வாரம் முடிந்த பிறகு டாக்டர் கொடுக்கிற நாட்களுக்குள் உங்களுக்குப் பிடித்த நாளைக் கேட்கலாம், அது அவங்க பட்டியலுக்கு ஒத்து வந்தால் தருவார்கள். பஞ்சாங்கத்துக்காக வாரத்தைக் குறைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க. மாறாக, ரத்தக்கொதிப்பு, குழந்தையின் வளர்ச்சி குறைவு போன்ற காரணத்தால் டாக்டரே முன்கூட்டி எடுக்கணும்னு சொன்னால், தள்ளிப் போடவும் கேட்கக் கூடாது. நேரத்தைப் பொறுத்தவரை இன்னொன்று: அரசு மருத்துவமனையில் அவசர கேஸ் வந்தால் அதுதான் முதலில் தியேட்டருக்குப் போகும். காலை ஒன்பது மணி என்றது மதியம் ஆகலாம். அந்த இடத்தில் இன்னொரு அம்மாவின் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் கோபம் வராது.

அடுத்து ரத்தம். சுகப்பிரசவத்தில் சாதாரணமாக அரை லிட்டருக்குள் போகிற ரத்தம், சிசேரியனில் ஒரு லிட்டர் வரைக்கும் போகலாம். அதனால் உள்ளே போகும்போது உடம்பில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பது முக்கியம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உங்கள் தாய்-சேய் நல அட்டையில் கடைசியாக எழுதின அளவு என்ன, எந்தத் தேதியில் எடுத்தது என்று இன்றைக்கே பாருங்க. குறைவாக இருந்தால் ஆபரேஷன் தேதி வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, நீங்கள் காட்டுகிற மருத்துவமனையிலோ சொல்லுங்க. மாத்திரையால் ஏறுகிற அளவுக்கு நாள் இல்லை என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றுவார்கள். மாத்திரை போடுகிறவர்கள் அதை காபி, டீயோடு சேர்த்து விழுங்காதீங்க, சத்து உடம்பில் சேராமல் போய்விடும்.

ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் இதை ரெண்டு தடவை படியுங்க. ரத்த வங்கியில் உங்கள் பிரிவு இருப்பு இருக்கா என்று மருத்துவமனையில் முன்னதாகவே கேட்டு வையுங்க. இ-ரக்த்கோஷ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பக்கத்து ரத்த வங்கிகளின் இருப்பையும் போனிலேயே பார்க்கலாம். அதே பிரிவு உள்ள சொந்தக்காரர், நண்பர் இரண்டு பேரை அன்றைக்கு ஊரில் இருக்கச் சொல்லுங்க. பிறக்கிற குழந்தையின் பிரிவு பாசிட்டிவ் ஆக இருந்தால், 72 மணி நேரத்துக்குள் அம்மாவுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த குழந்தைக்கான பாதுகாப்பு அது. வார்டில் போட்டாங்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடர்ந்து காட்டி வந்தவர்களை சிசேரியனுக்கு, பொதுவாக 24 மணி நேரமும் மகப்பேறு மருத்துவர் இருக்கும் சீமாங்க் மையத்துக்கு அனுப்புவார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், பல தாலுகா மருத்துவமனைகளிலும் இவை இருக்கின்றன. அனுப்பின பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகாமல் தேதிக்கு நேராகப் போய் நிற்க வேண்டாம். ஒரு வாரம் முன்னால் ஒரு தடவை போய்க் காட்டினால், உங்களை ஆபரேஷன் செய்யப் போகிற இடமும் ஆட்களும் பழகிவிடும். மயக்க மருத்துவரையும் அன்றைக்கே பார்க்க முடிந்தால் பாருங்க. ஆஸ்துமா, மருந்து அலர்ஜி, முன்பு நடந்த ஆபரேஷன், சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் அவருக்குத் தெரிய வேண்டும். சித்த மருந்து, நாட்டு மருந்து உட்பட.

அந்தச் சந்திப்பில் பேச வேண்டிய இன்னொரு விஷயத்தை வீடுகளில் தள்ளிப் போடுகிறார்கள். இரண்டாவது குழந்தை என்றால் "அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் காப்பர்-டி பற்றிக் கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் தியேட்டர் மேசை அல்ல. கணவனும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து பேசி, சம்மதமா இல்லையா என்று முடிவு பண்ணி, முன்னாலேயே சொல்லி, அட்டையில் எழுத வையுங்க. அந்தப் பெண் சரி என்று சொல்லாமல் எதையும் செய்யக் கூடாது. மாமியார் சொன்னார், கணவர் கையெழுத்துப் போட்டார் என்பது அவருடைய சம்மதம் ஆகாது. ஒப்புதல் படிவத்தையும் அப்படித்தான். "இங்க போடுங்க" என்று காட்டின இடத்தில் போடாமல், என்ன எழுதியிருக்கு என்று கேட்டுப் போடுங்க. படித்துக் காட்டச் சொன்னால் படித்துக் காட்ட வேண்டும்.

இனி காகிதங்கள். என் தங்கச்சிக்குப் பிரசவம் ஆனபோது எல்லாம் நல்லபடி முடிந்தது. டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு மாசம் கழிச்சுப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தால், மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து தப்பு, இனிஷியலும் வேற. வார்டில் அன்றைக்கு விவரம் கேட்டவர்களிடம் வாயால் சொன்னது எங்க அப்பா, அவருக்கு ஆங்கில ஸ்பெல்லிங் தெரியாது. அந்த ஒரு எழுத்துக்காக நாங்கள் மூணு தடவை அலைந்தோம். இப்போது யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நான் முதலில் சொல்வது, அப்பா அம்மா இருவர் பெயரையும் ஆதாரில் உள்ளபடி தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அட்டைக்குள் செருகி வையுங்க என்பதுதான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2023 அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் மாறிவிட்டது. பிறப்பு, குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும், நீங்கள் குடியிருக்கிற ஊரில் அல்ல.

சான்றிதழுக்கு பிக்மி எண் வேண்டும். 12 இலக்கம். கர்ப்பம் உறுதியான உடனே கிராம சுகாதார செவிலியரிடமோ, நகரத்தில் நகர்ப்புற செவிலியரிடமோ பதிந்து வாங்கியிருப்பீர்கள், ஆர்.சி.எச். எண் என்று சொல்வதும் இதைத்தான். தனியார் மருத்துவமனையில் காட்டுகிறவர்களுக்கும் இது உண்டு, பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்தவர்கள், புது எண் வாங்கத் தேவையில்லை. பழைய எண்ணையே இந்த ஊர் நர்சம்மாவிடம் காட்டிச் சொன்னால் போதும். அட்டையின் எல்லாப் பக்கங்களையும், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் போட்டோ எடுத்து, உங்கள் போனில் மட்டும் இல்லாமல் கூட வரப் போகிறவர் போனிலும் வையுங்க. தியேட்டருக்குள் உங்கள் போன் வராது, அதன் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியாது.

வங்கிக் கணக்கு அம்மா பெயரில் இருக்க வேண்டும். தகுதி உள்ள குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி இருக்கிறது. அதில் 14,000 பணமாகத் தவணைகளில் கணக்குக்கு வரும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். தவணை வரவில்லை என்றால் செவிலியரிடம் கேளுங்க. "மகப்பேறு பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போனில் யார் கேட்டாலும் சொல்லாதீங்க, அப்படி எந்த அலுவலகமும் கேட்பதில்லை.

அரசு மருத்துவமனையில் சிசேரியனுக்குக் கட்டணம் கிடையாது. 2011 முதல் நடக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம், சிசேரியன் ஆனவர்களுக்கு 7 நாள் வரை சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப வண்டி எல்லாம் இலவசம். ஆண் குழந்தை என்றால் இவ்வளவு, பெண் குழந்தை என்றால் இவ்வளவு என்று யாராவது கை நீட்டினால் கொடுக்க வேண்டியதில்லை. 104-க்கோ, முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கோ சொல்லலாம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி எப்போது கடைசியாகச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன நேரத்தைக் கேட்டு எழுதி வையுங்க. பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளியாவது இருக்க வேண்டும். "பிள்ள பசியோட இருக்கா" என்று பாட்டி ஒளித்துக் கொடுக்கிற ஒரு இட்லி, மயக்க மருந்தின் போது வாந்தியாகி மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. முறை தள்ளிப் போனால், தண்ணீர் குடிக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்க. வளைகாப்பு வளையல்கள், மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைப்பது நல்லது. கடைசி நேரத்தில் சோப்புப் போட்டு இழுத்து அழ வேண்டாம். ரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடுகிற கருவி இருக்கும், உலோகம் பட்டால் சூடு படும். நகத்தில் பாலிஷ், மருதாணி வேண்டாம், ஆக்சிஜன் பார்க்கிற கருவியை விரல் நுனியில்தான் மாட்டுவார்கள். வயிற்றில் முடியை வீட்டில் பிளேடால் எடுக்காதீங்க. சிறு கீறல் கூடத் தையலில் சீழ் பிடிக்க வழி வைக்கும்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்வார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள். வலி தெரியாது, இழுக்கிற உணர்வு தெரியும், அது சகஜம்தான். குழந்தை அழுகிற சத்தம் காதில் விழும்.

குழந்தை வெளியே வந்ததும் வாசலில் நிற்கிற பெரியவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், சேனை வைக்கிறது எதுவும் வேண்டாம். ஆபரேஷன் ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க முடியும். அம்மாவுக்கு இன்னும் எழ முடியாது, பக்கத்தில் இருப்பவர் குழந்தையைப் பிடித்துக் கொடுத்தால் போதும். சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், அந்தக் கொஞ்சமே அன்றைக்குப் போதும். முதல் நாளே பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி ஊசி போட்டிருக்கிறார்களா என்று அட்டையில் பாருங்க.

"தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும், தையல்ல சீழ் வைக்கும்" என்று தொண்டையை நனைக்க மட்டும் தண்ணீர் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. டாக்டர் அனுமதித்த பிறகு தாராளமாகத் தண்ணீர் கொடுங்க. இல்லையென்றால் மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல், பால் கொடுக்கிறவருக்குக் களைப்பு. அதே போல, படுத்தே கிடக்கவும் விடாதீங்க. நர்ஸ் எழுந்திருக்கச் சொன்ன நேரத்தில் கையைப் பிடித்து நாலு எட்டு நடக்க வைத்தால் காலில் ரத்தம் கட்டாது. இருமும்போது தையல் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலி குறையும்.

கொடுத்த தேதிக்கு முன்பே வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ தேதியை மறந்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்க. ஏற்கனவே சிசேரியன் ஆனவர்கள் வலியோடு வீட்டில் காத்திருப்பது ஆபத்து, பழைய தழும்பு விட்டுப்போகலாம். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ், ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கடுமையான தலைவலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் அதேதான், 108. டிஸ்சார்ஜ் அன்று வீட்டுக்குப் போகிற இலவச வண்டிக்கு எண் 102. மறுபடியும் தையலைக் காட்ட எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டு, வண்டியில் ஏறுவதற்கு முன் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க. குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றாலும் கவலை இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிடலாம், ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.